கையைக் கட்டிக்கொண்டு நிற்பது

ஸ்பூன் தட்டில் படுகிற சத்தம் அடுக்களை வரை கேட்டது. யார் கையில் ஸ்பூன் இருக்கிறது என்பதை அந்தச் சத்தத்தை வைத்தே சூப்பர்வைசர் கண்டுபிடித்துவிட்டாள்.

அவள் கணவர் தானே சாப்பிட்டால், ஸ்பூன் தட்டின் ஒரே ஓரத்தைச் சுரண்டிக்கொண்டிருக்கும். இது அப்படியில்லை. அளவாக அள்ளி, நிறுத்தி, வாய் திறக்கிற வரை காத்திருந்து, மறுபடி அள்ளுகிற சத்தம்.

பெரியக்கா ஊட்டிக்கொண்டிருக்கிறாள்.

அடுப்பை அணைத்தவள் உடனே போகவில்லை. மேடையில் கையை ஊன்றிக் கொஞ்ச நேரம் நின்றாள். சண்டை போடுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டுமே.

பெரியக்கா அவள் கணவரின் அக்கா. நேற்றுச் சாயங்காலம் வந்திறங்கினாள். கதவைத் திறந்ததும், "தம்பி போன் பண்ணினான், வந்துட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். எப்போது பண்ணினார், என்ன சொன்னார், கட்டிய மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எதற்காகப் பண்ணினார்? அத்தனை கேள்வியையும் விழுங்கிக்கொண்டுதான் சூப்பர்வைசர் படுத்தாள். விழுங்கியது விடிந்தும் செரிக்கவில்லை.

சூப்பர்வைசர் என்பது அவள் பார்க்கும் உத்தியோகம். மருந்துக் கிடங்கில் பெட்டி கட்டும் பிரிவு முழுக்க அவள் பொறுப்பு. கல்யாணமான புதிதில் கணவர் கேலியாகக் கூப்பிட ஆரம்பித்து, அதுவே வீட்டுப் பெயராக ஒட்டிக்கொண்டது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்டுக்குள் அலறுகிறவர்களை, "ஒண்ணும் ஆகாது, ஆளுக்கொரு பாட்டுப் பாடுங்க, அதுக்குள்ள வந்துடறேன்" என்று சிரிக்கவைத்தே வெளியே எடுக்கிறவர். மழை தொடங்குவதற்கு முன்னால் ஒரு நாள் காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது வாஷ்பேசினைப் பிடித்தபடியே சரிந்தார். பக்கவாதம். மழைக்காலம் முடிந்தும்விட்டது.

மூளையின் வலது பக்கத்தில் அடைப்பு. அதனால் இடது கையும் இடது காலும் துவண்டுபோயின. கால் பெரும்பாலும் திரும்பிவிட்டது. கைத்தடியோடு வீட்டுக்குள் நடக்கிறார். கைதான் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற சேதாரம். தெரியாத சேதாரம் வேறு ஒன்று. இடது பக்கம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அவருக்கு நினைவில் நிற்பதில்லை. கண்ணில் கோளாறு இல்லை. மூளை அந்தப் பக்கம் போகமாட்டேன் என்கிறது. தட்டில் வலது பாதியைக் காலி செய்துவிட்டு எழுந்துவிடுவார். முகத்தில் ஒரு பக்கம் மட்டும் சவரம் செய்துகொண்டு வந்து நிற்பார்.

கூடத்துக்கு வந்தாள். தட்டின் இடது விளிம்பில் அவள் ஒட்டிவைத்திருந்த சிவப்பு டேப்பைப் பெரியக்கா உரித்துப் போட்டிருந்தாள்.

"அண்ணி, அவரே சாப்பிடுவாரு."

"சாப்பிட்டான், சாப்பிட்டான். பாதி முட்டை அப்படியே கெடக்கு. ரொட்டி தொட்ட பாடில்ல. பசியோட எழுந்திருக்கப் பாத்தான்."

"அது வேணும்னு மிச்சம் வச்சது இல்ல அண்ணி, இடது பக்கம் இருக்கறது அவருக்குத் தெரியல. அந்தச் சிவப்பு டேப் தெரியற வரைக்கும் தலையைத் திருப்பிப் பாக்கணும். அதுக்குத்தான் ஒட்டினேன்."

"தெரியலன்னா தட்டைத் திருப்பி வச்சாப் போச்சு. சோத்துத் தட்டுல கூடவா பரீட்சை?"

மெக்கானிக் வாயில் இருந்ததை மென்றுகொண்டு இரண்டு பேரையும் பார்த்தார். பெரியக்கா அடுத்த வாயை நீட்டினாள். அவர் வாயைத் திறந்தார்.

சூப்பர்வைசருக்கு வலித்தது அதுதான்.

தம்பிக்கும் அக்காவுக்கும் பத்து வயசுக்கு மேல் வித்தியாசம். தாயில்லாத வீட்டில் அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் பெரியக்கா. அந்த வாய்க்கு ஊட்டிப் பழகிய கையை எப்படிக் குற்றம் சொல்வது? அதே சமயம், கடந்த சில வாரங்களாக ஒவ்வொரு வேளையும் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் இந்தப் பக்கம் இருக்கு, பாருங்க" என்று தொண்டை வற்றச் சொன்னவளுக்கு எப்படி இருக்கும்?

திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போயாக வேண்டும். லீவை ஏற்கெனவே நீட்டியாகிவிட்டது. இனி நீட்டினால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று மேனேஜர் தன்மையாகச் சொல்லிவிட்டார். தன்மையாகச் சொன்னதுதான் பயமாக இருந்தது. காலையிலிருந்து சாயங்காலம் வரை இவரை வீட்டில் தனியாக விட்டுவிட்டுப் போகலாமா, கூடாதா? அதைப் பார்த்துச் சொல்லத்தான் இன்றைக்குத் தெரபிஸ்ட் வரப்போகிறாள்.

*

தெரபிஸ்ட் சின்னப் பெண். ஓடிவந்த மாதிரி எப்போதும் மூச்சிரைத்தபடி நுழைவாள். உட்கார்ந்ததும் உலகத்தில் வேறு வேலையே இல்லாதவள் மாதிரி நிதானமாகிவிடுவாள்.

பெரியக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தொழில் சிகிச்சைன்னு ஆஸ்பத்திரிச் சீட்டுல போட்டிருந்துச்சே, அது நீதானா? அவனுக்குத்தான் தொழில் தெரியுமேம்மா. புதுசா என்ன தொழில் கத்துக் குடுக்கப்போறே?"

தெரபிஸ்ட் சிரித்துவிட்டாள். "பல் தேய்க்கறது, சட்டை போடறது, டீ போட்டுக் குடிக்கறது. நாம எல்லாரும் சம்பளம் இல்லாம பாக்கற தொழில்தாம்மா அது. சார் அதுல கொஞ்சம் விடுப்புல இருக்காரு. திரும்பச் சேத்து விடணும்."

மெக்கானிக்கின் வாயோரம் லேசாக அசைந்தது.

"இன்னிக்கு நான் எதுவும் சொல்லித் தரப்போறதில்ல சார். நீங்க தனியா இருக்கற மாதிரி நெனச்சுக்கோங்க. முகம் கழுவி, சட்டை மாத்தி, அடுக்களைக்குப் போய் ஒரு டீ போட்டுக்கிட்டு வந்து உக்காரணும். நான் ஓரமா நிப்பேன். ஆபத்துன்னாதான் வருவேன். மத்தவங்க ரெண்டு பேரும் கூடத்துல."

அறைக்கதவு பாதி சாத்திக்கொண்டது.

கூடத்தில் நாத்தனாரும் தம்பி மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். முதலில் தண்ணீர் விழும் சத்தம். அப்புறம் துண்டை உதறுகிற சத்தம். அலமாரி திறந்தது. சூப்பர்வைசர் தரையைப் பார்த்தபடி மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்: இடது கை முதல்ல. வராத கையை முதல்ல நுழைச்சுக்கோ. அப்புறம் நல்ல கை. இடது கை முதல்ல.

நல்ல கையை முதலில் நுழைத்துவிட்டால் தீர்ந்தது. மிச்சச் சட்டை முதுகுப் பக்கம் போய்விடும். வராத கையை அப்புறம் எந்த வித்தையாலும் உள்ளே கொண்டுவர முடியாது. ஐம்பது வருஷமாக வலது கையை முதலில் நுழைத்தே பழகிய மனுஷனுக்கு அவசரத்தில் பழைய பழக்கம்தான் முந்திக்கொண்டு வருகிறது.

உள்ளே துணி இழுபடுகிற சத்தம். பெருமூச்சு. மறுபடி துணி. அப்புறம் தொண்டைக்குள்ளிருந்து ஒரு முனகல்.

பெரியக்கா எழுந்தாள்.

"உக்காருங்க அண்ணி."

"அவன் அழறான்."

"அழல. திணறறாரு. விடுங்க, கண்டுபிடிச்சுடுவாரு."

"திணறட்டும்னு விட்டுட்டு உக்காந்திருக்கியே, நீயும் ஒரு பொம்பளையா?"

அறைக்குள் கைத்தடி தரையில் விழுந்தது. அவ்வளவுதான். சூப்பர்வைசர் பிடித்த கையை உதறிவிட்டுப் பெரியக்கா கதவைத் தள்ளிக்கொண்டு போனாள்.

பின்னாலேயே ஓடிய சூப்பர்வைசர் பார்த்தபோது எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. பெரியக்கா இடது கையைச் சட்டைக்குள் இழுத்து நுழைத்து, கீழிருந்து மேல்வரை பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை மாதிரி அவர் மோவாயைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் அப்பாடா என்றிருந்தது. எத்தனையோ வாரமாகத் தன் முன்னால் ஒரு தடவைகூட அந்த முகம் அப்படித் தளர்ந்ததில்லை என்பதை அவள் கவனித்தாள்.

"பரவாயில்லம்மா, நாளைக்குக் காலையில பாத்துக்கலாம்" என்றாள் தெரபிஸ்ட்.

"நாளைக்கு எதுக்கு? நான் இவனைக் கூட்டிட்டுப் போறேன். எங்க வீட்ல பரீட்சை கிரீட்சை ஒண்ணும் கெடையாது. ராஜா மாதிரி உக்காந்திருக்கட்டும்."

"ராஜா மாதிரி உக்காந்தா உக்காந்த எடத்துலயே இருக்க வேண்டியதுதான்!" சூப்பர்வைசரின் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "எனக்கு மட்டும் ஆசையா அண்ணி? சட்டையப் போட்டுவிட எனக்கு ஒரு நிமிஷம். அவரே போட நான் அரை மணி நேரம் நிக்கணும். எது சுலபம்னு நெனைக்கறீங்க? நான் என்ன கல்லா?"

"கல்லுதான்." பெரியக்கா திரும்பினாள். "நான் சொல்லல, அவன் சொன்னான் போன்ல. 'சட்டைக்குள்ள கை மாட்டிக்கிட்டுத் தவிக்கறேன்க்கா, அவ கையைக் கட்டிக்கிட்டு நின்னு வேடிக்கை பாக்கறா'ன்னான். கட்டின பொண்டாட்டியப் பத்தி."



சூப்பர்வைசர் கணவரைப் பார்த்தாள். "சொன்னீங்களா?"

மெக்கானிக் ஜன்னல் பக்கம் பார்த்தார். இல்லையென்று சொல்லவில்லை.

*

மாடிப்படியில் போய் உட்கார்ந்தாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. கொட்டாவிதான் வந்தது. அதற்காகத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

நெடுநேரம் கழித்துத் தெரபிஸ்ட் வெளியே வந்து, ஒரு படி கீழே உட்கார்ந்தாள்.

"இவ்வளவு நேரம் உள்ள என்ன பண்ணினே?"

"உங்க அண்ணிகிட்டப் பேசிக்கிட்டிருந்தேன்."

"அவங்க கூட்டிட்டுப் போனா என்ன ஆகும்? மறைக்காம சொல்லு."

தெரபிஸ்ட் கொஞ்சம் யோசித்தாள். "முதல் சில மாசம்தான்க்கா கை கால் வேகமா திரும்பற காலம். அப்புறமும் வரும், ஆனா மெதுவா. இந்த நேரத்துல எல்லாத்தையும் வேற ஒருத்தர் செஞ்சு குடுத்தா, திரும்பி வந்ததுகூடப் போயிடலாம்."

"இங்கயே இருந்தா?"

"அதுவும் சொல்லணும். போன வாரம் டீ போடச் சொன்னேன்ல? வலது பக்க அடுப்பை ஒழுங்கா அணைச்சாரு. இடது பக்கம் எரிஞ்சுக்கிட்டிருந்ததைப் பாக்கவே இல்ல. திங்கட்கிழமை அவரு முழு நாளும் தனியா இருக்கலாம்னு இன்னிக்கு என்னால சொல்ல முடியாது."

ஆக, போனாலும் நஷ்டம், இருந்தாலும் ஆபத்து. சூப்பர்வைசர் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"அவரு சொன்னது உண்மைதானே? நான் நின்னு பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

"நான்தான்க்கா நிக்கச் சொன்னேன். எதுக்கு நிக்கறீங்கன்னு அவர்கிட்ட இன்னும் நல்லா எடுத்துச் சொல்லியிருக்கணும். அது என் தப்பு." அவள் எழுந்து பையை மாட்டிக்கொண்டாள். "கடைசியா எப்ப தூங்கினீங்க?"

"தெனமும்தான் படுக்கறேன்."

"படுக்கறதக் கேக்கல."

சூப்பர்வைசர் எழுந்து வீட்டுக்குள் போனாள். பெரியக்கா கூடத்து நாற்காலியில் என்னவோ யோசனையில் இருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு, "மூஞ்சியப் பாரு, செத்த வீட்லேர்ந்து வந்தவ மாதிரி. போய்ப் படு. நான் இருக்கேன்" என்றாள். அதட்டல்தான். ஆனால் அதற்குள் சண்டை இல்லை.

சின்ன அறையில் போய்ச் சும்மா சாய்ந்தாள். அவ்வளவுதான் அவளுக்கு நினைவிருந்தது.

*

விழித்தபோது சுவரில் சாயங்கால வெயில். ஒரு கணம் எந்த நாள் என்றே பிடிபடவில்லை. மாத்திரை? பாத்ரூமுக்கு யார் கூட்டிப்போனார்கள்? மத்தியானச் சாப்பாடு? எழுந்து கூடத்துக்கு ஓடினாள்.

மெக்கானிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலையில் அக்கா போட்டுவிட்ட சட்டை இல்லை. வேறொன்று, நீலக்கோடு போட்டது. பொத்தான் ஒன்று மாறிப்போய் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கியிருந்தது. காலரில் பாதி உள்ளே மடங்கியிருந்தது. இடது கை மட்டும் மணிக்கட்டு வரை சரியாக வெளியே வந்து, மடியில் வைக்கப்பட்டிருந்தது.

பெரியக்கா சுவரோரமாக நின்றிருந்தாள். இரண்டு கையையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டிருந்தாள். மூட்டை சுமந்தவள் மாதிரி முகமெல்லாம் வேர்வை.

"நான் தொடல" என்றாள். "சத்தியமா தொடல. அவனையே கேளு."

சூப்பர்வைசர் கோணலாக நின்ற பொத்தானையும் பெரியக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அந்தப் பொண்ணு போறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. 'இவரை நடக்கப் பழக்கினது நீங்கதானேம்மா, அப்ப கையை எப்ப விட்டீங்க?'ன்னா." பெரியக்கா மூக்கை உறிஞ்சினாள். "விட்ட உடனே விழுந்தான். தாடையில தையல் போட்டாங்க. இப்பவும் தழும்பு இருக்கு, பாரு. ஆனா விட்டேன்ல? விடாம இருந்தா நடந்திருப்பானா?"

"நீங்களே போட்டீங்களா?" சூப்பர்வைசர் கணவர் முன்னால் மண்டியிட்டாள். பொத்தானைச் சரிசெய்ய நீண்ட கையைப் பாதியில் இழுத்துக்கொண்டாள்.

"இடது கை முதல்ல" என்றார் அவர். வார்த்தைகள் இன்னும் கொஞ்சம் வழுக்கத்தான் செய்தன. "ரெண்டு தடவை தப்பு. மூணாவது தடவை வந்துடுச்சு."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. காலையில் வராமலிருந்த கண்ணீரெல்லாம் இப்போது வந்தது.

"அழாதே. கெளம்பறதுக்குத்தான் போட்டேன்."

"எங்க?"

"அக்கா வீட்டுக்கு."

அவள் அப்படியே உட்கார்ந்தாள்.

"போன்ல சொன்னது தப்பு" என்றார். "கோவத்துல சொன்னேன். ஆனா அதுக்காக மட்டும் கூப்பிடல. நீ தூங்கறதில்ல. நான் புரண்டாக்கூட எழுந்து உக்காந்துக்கறே. இன்னிக்குக் கதவு வழியா பாத்துக்கிட்டே இருந்தேன். வாயத் தெறந்து குறட்டை விட்டுத் தூங்கினே. நான் இங்க இருக்கற வரைக்கும் அந்தத் தூக்கம் உனக்கு வராது, சூப்பர்வைசர்."

இல்லை என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து அவள் தோளிலிருந்து ஏதோ ஒரு சுமை இறங்கியது. காலையில் யாரையும் எழுப்ப வேண்டாம். யாருக்காகவும் காதைத் தீட்டிக்கொண்டு படுக்க வேண்டாம். கிடங்குக்குப் போனால் பெட்டிகளை மட்டும் எண்ணலாம். நினைக்கவே இதமாக இருந்தது. இதமாக இருப்பதைக் கண்டு அவளே பயந்தாள்.

"நீ சொல்லு" என்றாள் பெரியக்கா. காலையில் இருந்த அதிகாரம் அவள் குரலில் இல்லை. "கூட்டிட்டுப் போறேன்னு காலையில குதிச்சேன். இப்ப அஞ்சு நிமிஷம் சும்மா நின்னதுக்கே உசுரு போய் உசுரு வந்துச்சு. எனக்கே பயமா இருக்கு. இவன் வரட்டுமா?"

"போகட்டும் அண்ணி."

சொன்ன பிறகுதான், சொன்னது தானே என்று அவளுக்குத் தெரிந்தது.

சூப்பர்வைசர்தான் முதலில் சுதாரித்தாள். கிடங்கில் ஆள்களை வேலை வாங்குகிறவள் அவளுக்குள் எழுந்து உட்கார்ந்தாள்.

"ஆனா இன்னிக்கு இல்ல. நாளைக்குக் காலையில அந்தப் பொண்ணு வர்றா. அவரு சாப்பிடணும், குளிக்கணும், டீ போடணும். நீங்க தொடாம பக்கத்துல நிக்கணும். அவ தலையாட்டினாத்தான் கெளம்பலாம்."

"திரும்பவும் அவனுக்குப் பரீட்சையா?"

"அவருக்கு இல்ல அண்ணி. உங்களுக்கு."

"எனக்கா? நான் பள்ளிக்கூடத்துலயே பரீட்சைன்னா வயித்து வலின்னு படுத்துக்கறவ!" பெரியக்கா முணுமுணுத்தபடி அடுக்களைக்குப் போனாள். பாத்திரங்களை அவள் இடம் மாற்றி வைக்கிற சத்தம் கேட்டது. சூப்பர்வைசருக்கு எழுந்துபோய்த் தடுக்கத் தோன்றவில்லை.

வெயில் சுவரை விட்டு இறங்கிவிட்டது. கீழே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முயன்று முயன்று ஓய்ந்தார்கள்.

மெக்கானிக் நல்ல கையால் அவள் மணிக்கட்டைத் தொட்டார். அடுக்களைக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"திரும்பக் கூட்டிக்க வருவியா?"

இதென்ன கேள்வி என்று உடனே அதட்டியிருக்க வேண்டும். எப்போதும் அப்படித்தான் அதட்டுவாள். இன்றைக்கு ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம் தாமதமாகிவிட்டது.

"வராம?" என்றாள்.

உலகத்தில் பாதியைத் தவறவிடுகிற மனுஷன், அந்த ஒரு மூச்சு நேரத்தைத் தவறவிடவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். அவள் மணிக்கட்டிலிருந்து கையை எடுத்து, மாறிப்போன பொத்தான்களை முதலிலிருந்து சரியாகப் போட, ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார்.